குடிகாரக் காரும் காவேரித் தீர்த்தமும்

என் வீட்டுக்காரர் சாம்பு காப்பிக்கு மேல் எதையும் குடித்தவரில்லை. குடித்தது அவர் ஓட்டின கார்தான். அதனால் எங்கள் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

மைசூர் கண்ட்ராக்டர் லிங்கப்பன் வைத்திருந்த சிவப்புப் பந்தயக் கார் அது. வெறும் பெட்ரோல் ஊற்றினால் மேடேறும்போது எஞ்சின் டொக்டொக்கென்று தட்டும். கரும்பு ஆலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயத்தைக் கலந்து ஊற்றினாலோ, சாமுண்டி மலையை ஒரே மூச்சில் ஏறும். டிரைவர் சாம்புவுக்கு அதில் அத்தனை பெருமை. பெண் பார்க்க வந்த இடத்திலும் அதைத்தான் பேசினார். பேசிக்கொண்டே, நான் உப்புப் போட மறந்த உப்புமாவை இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கட்டினால் இவரைத்தான் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

அப்பா ரயில்வேயில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர்; மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசி வேறு. குடிக்கிற காரை ஓட்டுகிறவனுக்குப் பெண்ணைக் கொடுப்பதாவது! காரைச் சுத்திகரித்தால் பார்க்கலாம் என்றார். எப்படியாம்? ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து காவேரி ஜலம் கொண்டுவந்து, ஜபித்து, பெட்ரோல் டாங்கியில் ஓர் உத்தரணிக் கரண்டி ஊற்றவேண்டுமாம். என் தலையெழுத்தைப் பாருங்கள்.

சாம்பு யோசித்தார். சாராயம் தண்ணீரோடு சேரும். ஓர் உத்தரணி தீர்த்தம்தானே, எஞ்சினுக்குத் தெரியவே தெரியாது. சரி என்று தலையாட்டிவிட்டார்.

மலையேற்றப் பந்தயத்தன்று காலை அப்பா உத்தரணியைக் கையில் எடுத்தார். இவ்வளவு பெரிய பாவத்துக்கு இது எம்மாத்திரம் என்று தோன்றியதோ என்னவோ, செம்பிலிருந்த தீர்த்தம் முழுவதையும் டாங்கிக்குள் கவிழ்த்துவிட்டார். சாம்பு என்னைப் பார்த்தார். வேண்டாமென்று வாயைத் திறந்தால் நான் கிடைக்கமாட்டேன். அவர் திறக்கவில்லை.

மலையில் முதல் வளைவுகூடத் தாண்டவில்லை, கார் இருமியது, நின்றது. லிங்கப்பன் போட்ட கூச்சலில் குரங்குகளெல்லாம் மரமேறிவிட்டன.

சாம்பு காருக்கடியில் படுத்து டாங்கியின் அடித் திருகாணியைக் கழற்றினார். தண்ணீரைக் கண்ட சாராயம் பெட்ரோலைக் கைவிட்டு, தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கியிருந்தது. இரண்டுமாக ரோட்டில் ஒழுக, நானும் அப்பாவும் ஓடிவந்து சேர்ந்தோம். அப்பா பதறிப்போனார். தீர்த்தத்தை யாராவது மிதித்துவிட்டால்? கையிலிருந்த செம்பை நீட்டிப் பிடித்தார். செம்பு நிறைந்தது. தீர்த்தமாயிற்றே, அதைக் கொட்டவும் முடியாது, தரையில் வைக்கவும் முடியாது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, குப்பென்ற சாராய நெடியோடு நடுரோட்டில் நின்றார்.

கூட்டத்தை ஒதுக்க வந்த கான்ஸ்டபிள் சித்தையன் மூக்கைச் சுளித்தார். ஸ்டேஷனுக்கு நடங்கள் சுவாமி என்றார். இது தீர்த்தம், தீர்த்தம் என்று அப்பா சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்புத்தான் கூடிற்று. போதாக்குறைக்கு மதுவிலக்குச் சங்கத்து ஆட்கள் நாலு பேர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பாவி, சிரிப்பும் வந்தது.

சாம்பு கிரீஸ் கையோடு எழுந்து வந்தார்.

"இவர் என் மாமனார், ஸார். ஒரு சொட்டு வாயில வைக்கமாட்டார். குடிக்கறது கார்தான்."

சித்தையன் அப்பா பக்கம் திரும்பி, நிஜமாகவே இவர் உங்கள் மாப்பிள்ளைதானா என்று கேட்டார்.

அப்பா செம்பைப் பார்த்தார். சங்கத்து ஆட்களைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவேயில்லை.

"ஆமாம்" என்றார். "தை பொறந்தா முகூர்த்தம்."