புவனேஸ்வரியின் இரண்டு பக்க அட்டைகள்

வேடசந்தூர் பக்கத்து நூல் மில்லில் எங்கள் ஷிப்டில் நாற்பது பெண்கள். பாத்ரூம் போக ஒரே ஒரு டோக்கன். அந்த மரத்துண்டு சூப்பர்வைசர் உடையப்பன் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கும். ஒருத்தி போய்வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எடுக்கலாம். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் இரண்டு குடம் தண்ணீரைக் குடிக்கவைத்து எட்டு மணி நேரம் மிஷின் முன்னால் நிற்கவைப்பேன்.

நாங்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். பக்கத்து மிஷின் தீபா நீர்க்கடுப்பு வந்து இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தாள்.

போன வருஷம், நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காக மில்லைச் சோதிக்க பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஏதாவது குறை உண்டா என்று தீபாவிடம் கேட்கச் சொன்னார். அவள் டோக்கனையும் வலியையும் சொன்னாள். பக்கத்தில் நின்ற எச்.ஆர். சார் அதை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். மேடம் சிரித்து, "வெரி குட்" என்று தீபாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வலிக்கிறது என்று சொன்னவளுக்கு வெரி குட்! அந்த ஆள் என்ன சொல்லியிருப்பார் என்று தெரிய ஒரு படிப்பும் வேண்டியதில்லை.

அன்று மில் பஸ்ஸில் எங்கள் ஷிப்ட் புவனேஸ்வரி வாயே திறக்கவில்லை. எட்டாவதோடு நின்றவள், வயது முப்பத்தாறு. கோபம் வந்தால் பேசமாட்டாள், டிக்கெட்டோ பேப்பரோ கையில் கிடைத்ததில் படம் கிறுக்குவாள். திண்டுக்கல்லில் இறங்கும்போதுதான் சொன்னாள்: "அந்தாளு வாயி நமக்கு வேணாம்க்கா. அடுத்த தடவ நாமளே சொல்லுவோம்."

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். நூல் அடுக்கும் அட்டைப்பெட்டிகளில் கிழிந்ததை வெட்டிக்கொண்டாள். வார்த்தை மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து, படம் அவள் இஷ்டம். சாப்பாட்டு வேளையில் வகுப்பு. 'ஃபுல்' என்றால் உடையப்பன் தொப்பை. அட்டையைத் திருப்பினால் 'எம்ப்டி', எங்கள் டிபன் பாக்ஸ். 'ஃபாஸ்ட்' என்றால் ஓடுகிற மிஷின். திருப்பினால் 'ஸ்லோ', எங்கள் சம்பள உயர்வு ஆமை மேல் உட்கார்ந்து வருகிறது. எதிர்ச்சொல் எப்போதும் மறுபக்கம்தான். இங்கிலீஷ் என்றாலே மிரண்ட நாங்கள் சோறு புரையேறச் சிரித்தோம். அப்படிச் சிரித்துப் படித்த வார்த்தை ஒன்றுகூட மறக்கவில்லை.

இந்த வருஷம் மேடம் வருவதற்கு முந்தின நாள் எச்.ஆர். சார் கண்ணில் அட்டைகள் பட்டுவிட்டன.

"பிரமாதம்மா! மேனேஜ்மென்ட்டு ஒர்க்கர்ஸுக்கு இங்கிலீஷ் கிளாஸ் நடத்துதுன்னு காட்டிரலாம்" என்று அள்ளிக்கொண்டார்.

இவர்கள் நடத்தினார்களாம்! ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்திருப்பார்களா? 'கிளீன்', 'சேஃப்', 'கோ' என்று தனக்குப் பிடித்த பக்கமாகப் பார்த்துச் சுவரில் தொங்கவிட்டார். 'கோ' அட்டையில் ஒரு பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஓடுவாள். வேலைக்குத்தான் அப்படி ஓடுகிறாள் என்று நினைத்தார் போல, அதை நட்டநடுவில் மாட்டினார். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் வகுப்புக்கு வந்திருந்தால் திருப்பியிருப்பார். உடையப்பன் மட்டும் மறக்காமல் டோக்கனை மேஜைக்குள் வைத்துப் பூட்டினான்.

நான் புவனேஸ்வரியைத் தனியாக இழுத்தேன். "எல்லாத்தையும் கிழிச்சுப் போடுடி" என்றேன்.

"இருக்கட்டும்க்கா. அவரே மாட்டட்டும்" என்றாள் புவனேஸ்வரி.

மேடம் வந்தார். அட்டைகளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். வரைந்தது யார் என்று கேட்டார். எச்.ஆர். சார் ஏதோ தானே பெற்று வளர்த்த மாதிரி புவனேஸ்வரியை முன்னால் தள்ளினார்.

அவள் நேராகப் போய் 'கோ'வைத் திருப்பினாள். அதே பெண், காலைப் பின்னிக்கொண்டு, கண் பிதுங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் நீள வரிசை. எல்லாருக்கும் முன்னால் ஆணியில் ஒரு மரத்துண்டு.

"வெயிட்" என்றாள் புவனேஸ்வரி. "டாய்லெட் டோக்கன் ஒன். லேடீஸ் ஃபார்ட்டி."

எச்.ஆர். சார் அவசரமாக இங்கிலீஷில் ஆரம்பித்தார். மேடம் கையை நீட்டி அவரை நிறுத்தினார். அதற்குள் தீபா அடிவயிற்றில் கைவைத்தபடி முன்னால் வந்துவிட்டாள்.

"பெயின். ஹாஸ்பிடல் டூ டைம்ஸ்" என்றாள். "மேடம், நோ வெரி குட்."

மேடம் மற்ற அட்டைகளை ஒவ்வொன்றாகத் தானே திருப்ப ஆரம்பித்தார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் உடையப்பன் மேஜைக்கு மேலே வெறும் ஆணிதான் இருந்தது. புவனேஸ்வரியைத் தண்டனையாக பேக்கிங் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். மில்லில் அட்டைப்பெட்டி முழுக்க அங்கேதான் கிடக்கிறது, அதுகூடத் தெரியாத மடையர்கள். எங்கள் பக்கத்தில் தீபா மிஷினை விட்டு ஒரு எட்டு விலகி நின்று, பாட்டில் தண்ணீரை அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.