மறுகயிற்றுக்காரன்

றுமைஸை மாப்பிள்ளை கேட்டு வந்தவர்கள் தொழிலைக் கேட்டார்கள். "கேம் கம்பனி," என்றான். "கிரிக்கெட் கிளப்பா மகன்?" என்றார் பெண்ணின் வாப்பா. பேச்சு அதோடு முடிந்தது.

கல்முனையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறைதான் கம்பனி. ஆட்கள் இரண்டு பேர், றுமைஸும் கூட்டாளி நளீரும். அவர்கள் செய்த முதல் விளையாட்டில் இரண்டு பேர் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு, கரையில் நின்று ஆளுக்கொரு கயிறாகக் கரைவலை இழுக்க வேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் வலை சாய்ந்து மீன் போய்விடும். தனியாக விளையாட வழியே இல்லை. அது நளீரின் பிடிவாதம்.

"தனியா ஆரு மச்சான் வலை இழுக்கிற?"

பிறகு நளீருக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. "ரெண்டாம் பாகத்தத் தொடங்கு, நான் வந்துருவன்," என்று சொல்லிவிட்டு வேன் ஏறினான். பயணம் போகிறவர்கள் எல்லாரும் சொல்கிற பேச்சு. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மறுநாளே தொடங்கிவிட்ட ஆளை என்னவென்று சொல்வது!

றுமைஸ் இடக்கையில் ஒரு போன், வலக்கையில் ஒரு போன் வைத்து இரண்டு கயிற்றையும் தானே இழுத்துப் பார்த்தான். வலை சாய்ந்தால் ஏசுவதற்கும் ஆளில்லை. ஆரம்பத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து நளீர் அங்கிருந்து சேர்ந்து விளையாடினான். பிறகு ஓவர்டைம் என்றான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

விளையாடுபவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்: 'கூட விளையாட ஆள் இல்லை, தனியாக விளையாட ஒரு வழி செய்யுங்கள்.' றுமைஸ் கேளாதவன்போல் இருந்தான். அதைச் செய்தால் நளீர் வரமாட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தப் பயம் அவனுக்கு இருந்தது.

கடைசியில் செய்தான். மறுகயிற்றை இழுக்கக் கணினிக்கு ஒரு போக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒருவனின் இழுவைதான். தொடக்கத்தில் சோம்பல், மீன் கண்ணில் பட்டதும் தலைதெறிக்க அவசரம். அதை அப்படியே வைத்தான். ஒன்றும் சொல்லாமல் நளீருக்கு அனுப்பினான். பார்த்ததும் சிரித்துக்கொண்டு போனில் கூப்பிடுவான் என்று நம்பினான்.

மறுநாள் குரல் பதிவு வந்தது.

"மாஷா அல்லாஹ் மச்சான், நல்லா வந்திருக்கு. ஆனா மத்தக் கயித்தப் புடிக்கிறவன் சரியான விசரன்டா. கடைசில அவசரப்பட்டு எல்லாத்தையும் கெடுக்கான். அவன மாத்து."

றுமைஸ் அதை இன்னொரு தரம் கேட்டான். "ஓம் மச்சான், மாத்துறன்," என்று எழுதினான். எப்ப வாறாய் என்று கேட்கவில்லை.

மாற்றியும் விட்டான். இப்போது மறுகயிற்றுக்காரன் பிழையே விடுவதில்லை. றுமைஸ்தான் அவனோடு விளையாடுவதில்லை.