நெட் அறுந்த நிக்காஹ்

கரண்ட் போனால் ஜனங்கள் விசிறியைத் தேடுவார்கள். நெட் போனால் என்னைத் தேடுவார்கள். கோவளத்தில் பிராட்பேண்ட் லைன்மேன் நான். ரீசார்ஜ் தீர்ந்தாலும் என்னைத்தான் திட்டுவார்கள். திட்டியவர்களில் நீங்களும் இருக்கலாம், பரவாயில்லை.

பதினோரு மணிக்குள்

ஒரு ஞாயிறு காலை, மணி பத்து. படகு ஏற்றிவந்த லாரி ஒன்று எங்கள் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டது. உடனே சலீம் பாயிடமிருந்து போன். பதினோரு மணிக்கு அவர் தங்கைக்கு நிக்காஹ். அவர்கள் அப்பா, அதாவது அத்தாவுக்கு, ஷார்ஜாவில் லீவு கிடைக்கவில்லை, வீடியோவில்தான் பார்க்கப்போகிறார். அந்தத் தெருவில் செல்போன் சிக்னலும் நொண்டி.

"அத்தா மூஞ்சியப் பாக்காம சம்மதம் சொல்ல மாட்டேன்னு தங்கச்சி குந்திகினு கீது. நிக்காஹ் ஓதுற ஹஜ்ரத்தும் வந்துட்டாரு. நீதான் அண்ணாத்த காப்பாத்தணும்!"

நாலு வாய்

ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியில் இட்லிக் கிண்ணத்தோடு ஓர் அம்மா மறித்தாள். கார்ட்டூன் ஓடாமல் குழந்தை வாயே திறக்காதாம். லைன் வர முக்கால் மணி நேரமாகும் என்றேன். குழந்தையோ என்னையும் ஏணியையும் பார்த்து ஆவென்று வாயைப் பிளந்தது.

"அண்ணா, அப்டியே நில்லுங்க, நாலு வாய் ஊட்டிக்கிறேன்!"

ஏணிக்குக் கீழே

கேபிளுக்குள் அறுந்த கண்ணாடி இழை தலைமுடி கனம்தான் இருக்கும். கடல் காற்று வேறு. ஏணி உச்சியில் நின்று ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன். மீன் வாங்க வந்த ஒருவர் கீழே நின்று என்னை வீடியோ எடுத்தார். ஏணியைப் பிடியுங்கள் என்றேன். ஒரு கையால் பிடித்தார். மறு கையில் போன்.

"சீக்கிரம் ஒட்டுங்க சார், நெட் வந்தாத்தான இத ஏத்த முடியும்!"

அத்தா வந்தார்

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க லைன் வந்துவிட்டது! கல்யாண வீட்டுக்கு ஓடினேன். கூடத்து டிவியில் தெரிந்த அத்தா, ஸலாம் சொல்ல வாயெடுத்தவர், அப்படியே உறைந்து நின்றார். மறுபடி லைன் போய்விட்டதோ என்று வைஃபை பெட்டியிடம் ஓடினேன். பார்த்தால், விருந்தாளிகள் அத்தனை பேரும் அதே வைஃபையில் தொங்கிக்கொண்டு, ஆளாளுக்குக் கல்யாணத்தை லைவ் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

எதிர் அறையிலிருந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண் ஒரு சத்தம் போட்டாள்: "அல்லாரும் போன அணைங்க!"

போன்கள் பைக்குள் போயின. அத்தா அசைந்தார், கண்ணைத் துடைத்தார். சம்மதம் கேட்டார்கள், அவள் சொன்னாள். கையில் போன் இல்லாத கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் டிவியையே வெறித்துக்கொண்டிருந்தது. ஷார்ஜாவிலிருந்து அத்தா அதட்டினார்:

"என்னை இன்னாத்துக்குப் பாத்துகினு கீறீங்க? என் பொண்ணப் பாருங்கப்பா!"

முக்கால் மணி நேரம் ஏணியில் தொங்கியது நான். லைனைச் சரிசெய்தது என்னவோ கல்யாணப் பெண் போட்ட ஒரே சத்தம்தான்.