அக்கா நகர்ந்த பிறகும் ஓடுகிறது

இந்த முதலாண்டு நினைவு மலரின் அட்டையில் அக்காவின் பெயருக்கு முன் 'முனைவர்' என்று போடலாமா என்று உறவினர்கள் சிலர் கேட்டார்கள். போடவில்லை. பல்கலைக்கழகம் தராத பட்டத்தை நாங்களே போட்டுக்கொண்டால் அக்காவே எழுந்து வந்து திட்டுவார். ஆனால் "இத்தனை படிச்சும் வீணாப்போச்சு" என்று சாவு வீட்டிலேயே பேசினீர்களே, அதற்குத் தம்பி நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அக்கா குன்னத்தூரில் பிறந்தவர். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி தொடங்கியபோது அக்காவுக்கு எட்டு வயது. கணினி படித்து, வேலை பார்த்து, முப்பத்தைந்து வயதில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். "இந்த வயசுல படிப்பு எதுக்கு அம்மணி?" என்றார் பெரியப்பா. "சின்ன வயசுல படிச்சது பத்தலீங்க பெரீப்பா" என்றார் அக்கா.

ஒரு மென்பொருளை எப்படி அமைத்தால் மனிதர் கையில் ஓடும், ஏன் ஓடும் என்பதை, வேறொருவர் வேறோர் இடத்தில் எடுத்துச் செய்யும்படி விதிகளாகச் சொல்ல முடியுமா? தகவல் அமைப்பு ஆராய்ச்சியில் இதை வடிவமைப்புக் கோட்பாடு என்கிறார்கள். அக்காவின் ஆய்வு இதுதான்.

எங்கள் கட்டிங் மேஜையே அவருடைய ஆய்வுக்கூடம். ஒரே நீலம்தான், ஆனால் வெவ்வேறு தடவை சாயம் போட்ட துணி கலந்துவிட்டால் பனியனின் உடல் ஒரு நிறம், கை ஒரு நிறமாகிவிடும். அதைத் தடுக்க நான் வாங்கிய மென்பொருளில் யாரும் எதையும் பதியவில்லை. நம் ஆட்களுக்குப் படிப்பு போதாது என்றேன். "ரெண்டு கையிலயும் துணி இருக்கு. எந்தக் கையால மொதலாளி தட்ட?" என்றார் தூத்துக்குடிக்காரரான கட்டிங் மாஸ்டர் சுடலைமுத்து.

அக்கா மூன்று மாதம் அந்த மேஜையருகே நின்றார். துணியை அடுக்கி முடித்ததும், வெட்டும் முன், மாஸ்டர் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்து ஒரு நொடி நிற்பார். 'கை நிற்கும் இடத்தில் மட்டும் கேள். கண் ஏற்கெனவே பார்த்ததை மட்டும் கேள்.' அக்காவின் முதல் விதி இது. அந்த நொடியில், அக்கா செய்த மென்பொருளின் திரையில் 'எல்லாம் ஒரே தடவை போட்ட சாயமா?' என்று ஒரே கேள்வி, ஒரு தொடுதல். துணி கலப்பது நின்றது.

'நீங்கள் பக்கத்தில் நிற்பதால் ஓடுகிறது. இதில் கோட்பாடு எங்கே?' என்று ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பினார் தேர்வாளர். எனக்கு ரத்தம் கொதித்தது. "கேள்வி சரிதான் கண்ணு. நான் நகந்துட்டா தெரிஞ்சுபோயிரும்" என்றார் அக்கா. விதிகளையும் காரணங்களையும் பதினொரு பக்கத்தில் எழுதிக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். கம்பெனிக்கு வருவதை நிறுத்தினார். புற்றுநோய் என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது, பாவி மனுஷி எங்களிடம் சொல்லவில்லை.

அவர் மருத்துவமனையில் இருந்தபோது திரையில் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. போன் செய்தேன். "எழுதி வெச்சதைப் படி. என்னைக் கேட்டீன்னா நான் தோத்துருவேன்" என்று வைத்துவிட்டார். எரிச்சலோடு புரட்டினேன். நான்காம் பக்கத்தில் இருந்தது.

காரியம் முடிந்த பத்தாம் நாள், மடத்துக்குளத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். அக்காவை அவர் பார்த்ததே இல்லை. யார் மூலமோ அந்தப் பக்கங்கள் கிடைத்து, காய்ந்த கொப்பரையும் காயாததும் கலக்காமலிருக்க அவருடைய மருமகள் ஒரு செயலி செய்திருக்கிறார். "எங்க களத்துல மூட்டை கட்டறப்பத்தாங்க கை நிக்குது. அங்க கேட்டமுங்க, ஓடுதுங்க. அம்மணிகிட்டச் சொல்லலாம்னு வந்தனுங்க" என்றார். மாலை போட்ட படத்தைக் காட்டினேன். அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

தேர்வாளர் ஐயா, கோட்பாடு மடத்துக்குளத்தில் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த அத்தை மக்களுக்கும், தன் மேஜையருகே இடம் கொடுத்த சுடலைமுத்து அண்ணனுக்கும், அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகத் தேர்வாளருக்கும்கூட எங்கள் நன்றி. அக்கா இல்லாமல் எதுவும் ஓடவில்லை என்று எழுதுவது வழக்கம். நான் எழுத மாட்டேன். இன்று காலையும் திரையில் கேள்வி வந்தது, மாஸ்டர் தொட்டார், துணியை வெட்டினார்.

நீங்க நகந்துட்டீங்க அக்கா. ஓடுதுங்க.