சுண்டைக்காய் ஏறிய விமானம்

மகள் போர்விமான மாடலை ஒட்டப் பசைக்குழாயைத் திறந்தாள். அந்த நெடியில், சின்ன வயதில் எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டில் நடந்த ஓர் ஆயுத பூசை நினைவுக்கு வந்தது. அப்பாவின் டிராக்டருக்குப் பக்கத்தில், நான் ஒட்டிய விமானத்தையும் பூசைக்கு வைத்திருந்தேன்.

"பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்குடி சண்ட பிளேனு? தம்பிகிட்ட குடுத்துடு" என்றாள் பெரியம்மா.

"ஒட்டுனது நானு. தரமாட்டேன்" என்று அதன் மூக்கில் சந்தனம் வைத்தேன்.

டிராக்டர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த அப்பா சிரித்தார். "இதுக்கு சுண்டக்கா போதும்மா."

நான் தள்ள, விமானம் சுண்டைக்காய்மேல் ஏறி இறங்கியது.

இப்போது மாமியார் கேட்டார்: "பொண்ணுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கும்மா?"

பசை நெடி அவளுக்கு ஆகுமா, பாகங்களை வெட்டும் கத்தி கையைக் கிழிக்குமா என்று எனக்கும் பயம்தான். ஜன்னலைத் திறந்துவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பூசைக்கு வைக்கத்தான் அத்தை. சந்தைக்குப் போனா சுண்டக்கா வாங்கினு வாங்க" என்றேன்.