தொட்டிலிலும் சிலுவையிலும்

மழை விட்டிருந்த ஒரு காலையில் நத்தார் (கிறிஸ்து பிறப்பு) விழாவின் பாலன் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தேன். விரல்களுக்கு வைக்கோல் தெரியவில்லை. பஞ்சுக்குள் கை விட்டதுபோல் இருந்தது. மறுநாள் சொறிக்கல்முனைக் கோயில் படியில் கால் மடிந்து விழுந்தேன்.

கல்முனை ஆஸ்பத்திரியில் டாக்டர் முழங்காலில் தட்டிப் பார்த்தார். கால் துள்ளவில்லை. கிலன்பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார்.

"கனபேர் எழும்பி நடந்திருக்காங்க. ஆனா சுகம் கெதியா வராது. பொறுக்கணும்."

இம்யூனோகுளோபுலின் (பிறர் குருதியிலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம்) நாளத்தில் ஏறியது. யார் குருதியோ. ஆனாலும் தளர்ச்சி கழுத்துவரை ஏறிற்று. என் கணவர் சூசைதான் என்னைப் புரட்டிப் படுக்கவைத்தார். பாங்கொலியும் மழையும் கடலிரைச்சலும் ஒன்றாய்க் கலந்து, கட்டில் எங்கோ மிதந்துகொண்டிருந்தது. பகலா, கனவா என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

நத்தார் காலையில் சூசையைப் பூசைக்குப் போகச் சொன்னேன். விழுங்கலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த தன் உம்மாவைப் பராமரிக்க நின்ற சாய்ந்தமருது ராத்தா (முஸ்லிம் அக்கா), என் தலையைத் தன் கையில் ஏந்திக் கஞ்சி ஊட்டினார். கஞ்சி கன்னத்தில் வழிந்தது. அழுதேன்.

துடைத்துவிட்டுச் சொன்னார்: "வெக்கப்படாதீங்க புள்ள. ஈஸா நபியையும் மர்யம் உம்மா இப்பிடித்தானே ஏந்தி வச்சிருந்திருப்பாங்க."

எங்கள் பாலனைத்தான் ஈஸா நபி என்றார். எத்தனையோ முறை பாலனைக் குடிலில் கிடத்தியிருக்கிறேன். அவருக்குக் கழுத்து நின்றிருக்காது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. தானாய்ப் புரளக்கூட முடியாமல் கடவுள் வந்திருந்தார்.

தை பிறந்தபின் ஒரு கால்விரல் அசைந்தது. பிறகு மாதக்கணக்கில் பயிற்சி.

பெரிய வெள்ளியன்று, பிடித்து நடக்கும் சட்டத்தோடு கோயிலுக்குப் போனேன். சிலுவையை முத்தமிடக் குனிய முடியவில்லை, நிமிர்ந்தே பார்த்தேன். ஆணியடித்த கைகள். முகத்து இரத்தத்தைத் துடைக்க அவருக்குக் கை இல்லை. தாகத்துக்கும் வேறொருவர்தான் புளித்த இரசம் தோய்த்த கடற்பஞ்சை வாயருகே நீட்டவேண்டியிருந்தது. நத்தாரை மகிழ்ச்சியென்றும் இந்த நாளைத் துக்கமென்றும் பிரித்து வைத்திருந்தேன். இரண்டு நாளிலும் அவர் பிறர் கையில்தான் இருந்தார். அன்று அவரை முதன்முறையாக அருகில் உணர்ந்தேன்.

இதே நோயில் படுத்திருப்பவருக்கு இதைத்தான் எழுதத் தோன்றுகிறது: ஏந்தவரும் கைகளுக்கு உங்களைக் கொடுங்கள்.

பாதங்கள் இன்னும் முழுதாய் என்னுடையவை அல்ல. காலையில் கட்டில் விளிம்பில் அமர்ந்து, அவை வந்து சேரும்வரை காத்திருக்கிறேன். அவசரமில்லை. சூசை தேத்தண்ணி கொண்டுவருவார். கோப்பையைப் பிடிக்க இப்போது என்னால் முடியும். ஆனாலும் சில நாட்களில், அவரே பிடித்துக்கொள்ளக் குடிக்கிறேன்.