ஒன்பது சொச்சம் உயிர்

பல் கட்டும் கூடத்தில் அவளுக்குப் பெயர் பல்லக்கா. மெழுகில் ஈறு வடித்து, அதில் பொய்ப்பற்களை ஒவ்வொன்றாக நட்டு, கடித்தால் மேலும் கீழும் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது தன் கைவேலை என்று அவளே சொல்லிக்கொள்வாள். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டாள்.

அவளுடைய இன்னொரு வேலை வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. படிக்கிற காலத்தில் அப்பா வாங்கிக் கொடுத்த கிராஃப் வரையும் கால்குலேட்டரில் அவள் கணக்குப் போட்டதைவிட விளையாட்டு எழுதியதுதான் அதிகம். ஆடுகிறவனே ஒரு வீரனாகி, ஊர் ஊராகப் போய், பேயோடும் திருடனோடும் மல்லுக்கட்டி, வாளும் மருந்தும் சேர்த்து முன்னேறுகிற ரோல்பிளே விளையாட்டு. படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். அந்தத் திரைக்குத் தமிழ் வராது என்பதால் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுவாள். இத்தனை பாடும் பட்டு எழுதியதை ஆட உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தான், அவள் தம்பி.

அந்தத் தம்பி இப்போது நடு அறைக் கட்டிலில் கிடக்கிறான். சரக்கு வண்டி ஓட்டியவன். மழையில் வண்டி புரண்டு தலையில் அடி. பேச்சு போயிற்று, கைகால் போயிற்று, வலது கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. கூப்பிட்டால் சில நாள் பார்ப்பான், சில நாள் பார்க்க மாட்டான். எவ்வளவு புரிகிறது என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஒன்றும் புரியாது என்று அதை எடுத்துக்கொண்டான் அண்ணன்.

“ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கு. பயிற்சி குடுக்கறாங்க, பாத்துக்க ஆள் இருக்காங்க. நீ வேலைக்கும் ஓடி, இவனையும் தூக்கிப் புரட்டி... கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்தியா?”

“அவன் என்ன மூட்டையா, கொண்டுபோய்ப் போட? அவனைக் கேட்காம எப்படி அனுப்புவே?”

“கேட்டா சொல்லுவானா?”

அண்ணன் கெட்டவன் அல்ல, அதுதான் சங்கடம். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

போனைக் கொடுத்துப் பார்த்தாள். தொடுதிரை அவன் விரலை மதிக்கவில்லை. பரணிலிருந்து பழைய கால்குலேட்டரை இறக்கிப் பேட்டரி போட்டாள். அழுத்தினால் அழுந்துகிற பொத்தான் அதில் இருந்தது. அவசர அவசரமாக ஒரு புது விளையாட்டு எழுதி அவன் கையில் சாய்த்து வைத்தாள். ஒன்றை அழுத்தினால் சண்டை, இரண்டை அழுத்தினால் ஓட்டம், மூன்றை அழுத்தினால் பேச்சு.

அவன் அழுத்தினான். வாரக்கணக்கில் அழுத்தினான். வீரன் சில நாள் ஜெயித்தான், பல நாள் செத்தான்.

“விரல் பட்ட இடத்துல அமுக்கறான்மா. கைக்குழந்தைகூட அமுக்கும்” என்றான் அண்ணன்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். வீரனின் உயிர் மூன்றுக்கு இறங்கியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவள் துணி உலர்த்தப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் ஒன்பதே சொச்சம். ஒன்பதுக்குப் பின்னால் ஒரு புள்ளி, அதன் பின்னால் வால் மாதிரி நீளும் எண்கள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் விளையாட்டில் அடி விழுந்தாலும் மருந்து குடித்தாலும் முழு எண்தான். சொச்சத்துக்கு அங்கே என்ன வேலை?

யோசித்தபோது புரிந்தது. வீரனின் உயிரை அவள் எக்ஸ் என்ற எழுத்தில் வைத்திருந்தாள். கிராஃப் திரையில் புள்ளியை நகர்த்தினால், அது நிற்கிற இடத்தின் அளவும் அதே எக்ஸில்தான் போய் உட்காரும். வலப்பக்கம் போகப் போக அந்த அளவு கூடும். கற்றுக்குட்டி செய்கிற தப்பு. ஆனால் அந்தத் தப்பை வைத்துப் பிழைக்கத் தெரிந்தவன் கற்றுக்குட்டி அல்ல.

தற்செயலாக இருக்குமோ என்று பயந்தாள். வீரனின் உயிரை இரண்டுக்கு இறக்கிக் கையில் கொடுத்துவிட்டுக் கண் கொட்டாமல் பார்த்தாள். கட்டைவிரல் மெல்ல ஊர்ந்தது. விளையாட்டை நிறுத்தியது. கிராஃபைத் திறந்தது. வலது அம்பை அழுத்தி, புள்ளி ஓரத்துக்குப் போகும்வரை விடாமல் பிடித்திருந்தது. விளையாட்டுக்குத் திரும்பியது; உயிர் மறுபடியும் ஒன்பதே சொச்சம். பிறகு அவன் அவளைப் பார்த்தான். திருடித் தின்று அகப்பட்டவனின் பார்வை.

“அடப்பாவி, கள்ள ஆட்டமா ஆடறே!” என்று கத்தினாள். கத்தியவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை மாதமும் அவன் உள்ளேதான் இருந்திருக்கிறான்.

அண்ணனை வரவழைத்துக் காட்டினாள். மூன்று முறை பார்த்தபின் அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். “உன்கிட்டக் கூடக் கேட்காம உன்னைப் பத்திப் பேசிட்டேனேடா” என்று தம்பியின் காலைத் தடவினான். பிறகு அவளிடம் சொன்னான்: “அப்போ அவனையே கேளு. அவன் சொல்றதுதான். நான் குறுக்க வர மாட்டேன்.” தன் முகத்தைப் பார்த்துத் தம்பி தயங்கக் கூடாதென்று வாசலுக்கும் போய்விட்டான்.

அவள் ஜெயித்துவிட்ட தெம்பில் வேகவேகமாகத் தட்டினாள். வீரன் ஒரு முச்சந்தியில் நிற்கிறான். ஒன்று: அக்காவோடு வீடு. இரண்டு: பராமரிப்பு இல்லம்.

“இது விளையாட்டு இல்லடா. நெசமாவே கேக்கறேன்.”

அவன் இரண்டை அழுத்தினான்.

விரல் வழுக்கியிருக்கும். அவள் இடத்தை மாற்றினாள். இப்போது இல்லம் ஒன்று, வீடு இரண்டு. மாற்றியதைப் படித்துக் காட்டினாள். அவன் வெகுநேரம் திரையைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தை, கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்த இடத்தைப் பார்த்தான். ஒன்றை அழுத்தினான்.

வாசலில் நிற்கிற அண்ணனுக்கு இந்தத் திரை தெரியாது. வீடு என்றான் என்று சொன்னால் போதும், நம்பிவிடுவான். ஒரு பொத்தானை அழுத்தினால் பதிலும் அழிந்துவிடும். அவள் விரல் அந்தப் பொத்தான் மேல் போய் நின்றது. தம்பி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். தடுக்க அவனுக்குக் கை எழாது.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

“என்ன சொன்னான்?” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

“போறானாம்.”

அண்ணன் உள்ளே வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “தப்பா அமுக்கியிருப்பான். இன்னொரு தடவை கேட்டுப் பாரேன்மா.”

“கேட்க மாட்டேன்” என்றாள் அவள், தம்பியின் கட்டைவிரலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு. “அவன் வாயைத் திறக்க மாட்டானான்னுதானே இத்தனை நாள் தவம் கெடந்தேன். எனக்குப் பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் கேட்டா, அப்புறம் எதுக்கு அவனைக் கேக்கறது?”